தூண்டிலியலில் ராகிக் களியின் இடம்: ஸ்ரீரங்கப்பட்டணத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் டிரவுட் மீன் இல்லை. இதுவே இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. ஆய்வுப்பொருள் இல்லாதது ஆய்வுக்குத் தடையல்ல என்பதை நம் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலமாக நிறுவி வருவதால் மேலே செல்வோம். டிரவுட் குளிர்நீர்ப் பிராணி. 1907-இல் எச்.சி. வில்சன் நீலகிரி அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து, மலையோடைகளில் குஞ்சுகளை விட ஏற்பாடு செய்தார். காவிரித் தீவின் சித்திரை வெயிலுக்கு அதைக் கொண்டுவந்தால் தூண்டிலே தேவைப்படாது.

டிரவுட்டைப் பிடிக்கக் கொக்கியில் இறகும் நூலும் சுற்றி, ஈ என்று மீனை நம்பவைப்பார்கள். நமது சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகுக்கு இத்தொழிலில் உலகப் புகழ் உண்டு. கோழியை யாரும் கேட்கவில்லை. தொட்டியில் தீவனம் தின்று வளர்ந்து, ஈயையே சரியாகப் பார்த்திராத மீனைப் பொய் ஈ காட்டி ஏமாற்றுவது கலையா, கொடுமையா என்பதில் அறிஞர்கள் பிளவுபட்டுள்ளனர் (அறிஞர்கள் எதில்தான் பிளவுபடவில்லை?). இக்கலைக்கு இடுப்பளவு நீரில் நிற்கவும் வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்திலேயே ரங்கனதிட்டு. 1940-இல் சாலிம் அலியின் யோசனைப்படி மைசூர் அரசு பறவைகளுக்காக ஒதுக்கிய அந்தத் திட்டுகளில் முதலைகளும் குடியிருக்கின்றன. பிடித்ததை விட்டுவிடும் நாகரிகம் அவற்றிடம் இன்னும் பரவவில்லை.

காவிரிக்கரையின் மரபு வேறு. இங்கே மாசீர் மீனுக்கு ராகி. மாவை இறுகக் கிண்டி, உருட்டி, கொக்கியில் பொதிந்து வீசுவார்கள். இறகு ஈ பசியைக் கிளப்பி ஏய்க்கிறது. களி குறைந்தபட்சம் சோறு போட்டுவிட்டு ஏய்க்கிறது. மேலும், மண்டியாச் சீமையில் ராகி முத்தே எனும் களி உருண்டையை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்பது பந்தி ஒழுக்கம். மாசீருக்கு வாயில் பல் கிடையாது, தொண்டையில்தான் உண்டு. அவ்வொழுக்கத்தை மனிதர்களைவிடச் சுத்தமாகக் கடைப்பிடிப்பது அதுதான். இந்த உணவுமுறைக்கும் உடல்வளத்துக்கும் தொடர்புண்டா என்று நிறுவ முடியவில்லை. ஆனால் 1946-இல் மைசூரின் வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர், புலிகளைப் பாடம் செய்து பேர்பெற்ற அதே குடும்பம், கபினியில் பிடித்த மாசீர் 120 பவுண்டு, ஏறத்தாழ 54 கிலோ.

இனி விளையாட்டுக்கு உரியதல்லாத பகுதி. மதராஸ் ராஜதானி அதிகாரி எச்.எஸ். தாமஸ் இந்தியத் தூண்டில் பற்றிப் புத்தகம் எழுதியது 1873-இல். அதற்குப் பின் எத்தனையோ துரைகள் காவிரியின் கூனல்முதுகு மாசீரை நிறுத்தார்கள், அளந்தார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதன் சரியான அறிவியல் பெயர் டோர் ரெமாதேவியி என்று உறுதியானது 2018-இல். அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகவும் பட்டியலில் ஏறியது. நடுவில் நடந்தது என்ன? மாசீர் குறைகிறதே என்ற நல்லெண்ணத்தில், லோனாவாலாவில் டாட்டா பொரிப்பகத்தில் வளர்ந்த நீலத்துடுப்பு மாசீர் குஞ்சுகளை 1970-களிலிருந்து காவிரியில் விட்டார்கள். வந்தது பெருகியது, இருந்தது அருகியது. ஆற்றின் கீழ்ப்பகுதியில், காலிபோரில் மீனைப் பிடித்துத் திரும்ப ஆற்றில் விட்டவர்களின் கணக்கேடுகளே இதற்குச் சாட்சி.

ஆகவே குஞ்சு விடும் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்தமுறை வாளியைக் கவிழ்க்கும் முன், ஆற்றில் ஏற்கெனவே குடியிருப்பவரின் பெயரையாவது விசாரித்துவிடுங்கள்.