இரும்பு சல்ஃபைடு மீது ஒழுங்கு நடவடிக்கை வேண்டி

அனுப்புநர்: அறிவியல் ஆசிரியர், ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி.

பெறுநர்: பள்ளி வேதியியல் செய்முறைக் கையேட்டுக்கும் அதன் விடைக்குறிப்புக்கும் பொறுப்பான உயர் அலுவலர் அவர்கள்.

பொருள்: ஒன்பதாம் வகுப்பு – கலவை, சேர்மம் வேறுபாடு – செய்முறை – இரும்பு சல்ஃபைடு என்னும் சேர்மம் அட்டவணையை மீறிக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது – தக்க நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

ஐயா,

தங்கள் கையேட்டில் உள்ள அட்டவணை மிகவும் அழகானது. இடப்பக்கம் கலவை, வலப்பக்கம் சேர்மம், நடுவே அடிமட்டம் வைத்துப் போட்ட கோடு. இரும்புத்தூளையும் கந்தகத்தையும் கலந்தால் கலவை. காந்தத்தைக் காட்டினால் இரும்பு பிரிந்து வந்துவிடும். அதையே சூடாக்கினால் சேர்மம், காந்தம் ஒட்டாது. மாணவர்கள் இதைப் பல ஆண்டுகளாக ஒப்பித்து வருகிறார்கள். இரும்பு சல்ஃபைடு மட்டும் இன்னும் ஒப்பிக்கவில்லை. அதுதான் புகார்.

நடந்ததைச் சொல்கிறேன். இரும்பின் அணு நிறை 56, கந்தகத்தின் அணு நிறை 32. சுருக்கினால் ஏழுக்கு நான்கு. அதன்படி 7 கிராம் இரும்பும் 4 கிராம் கந்தகமும் எடுத்தோம். கந்தகம் நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது. இரும்பு, லேத் பட்டறையில் இலவசமாக வாரிக்கொண்டு வந்தது. எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்புத்தூள் போட்டுக் கழுவி வெயிலில் உலர்த்தினோம். உலர்வதற்குள் கொஞ்சம் துருவும் ஏறிக்கொண்டது. வேதிப்பொருள் வாங்கும் தலைப்பில் வந்த நிதி எவ்வளவு என்பதை இங்கே சொல்லித் தங்கள் மனத்தைப் புண்படுத்த விரும்பவில்லை.

இரண்டையும் கலந்து சோதனைக் குழாயில் இட்டு, அடியில் தீக்காட்டினோம். முதலில் கந்தகம் உருகிப் பழுப்பானது. பிறகு அடியில் ஒரு மூலையில் கங்கு போலச் சிவப்பு எழுந்தது. அடுப்பை அணைத்துவிட்டேன். சிவப்பு அணையவில்லை, தானாகவே மேலே ஏறியது, குழாய் முழுக்க. வினையில் பிறக்கும் வெப்பமே அடுத்த வினைக்குப் போதும் என்பதைப் பாட்டாகப் பாடினாலும் பிள்ளைகளுக்கு ஏறாது. அந்தச் சிவப்பு ஏறியபோது பின்பெஞ்சுவரை எழுந்து நின்றது. குழாய் வாயில் நீல நிறத்தில் கொஞ்சம் கந்தகம் எரிந்து நெடி அடித்ததால் சன்னல்களைத் திறந்துவிட்டோம். ஆறியதும் குழாயை உடைத்துத்தான் கட்டியை எடுக்க முடிந்தது. உடைந்த குழாய்க்கான இருப்புப் பதிவேட்டு விளக்கம் தனியே அனுப்பப்பட்டுள்ளது. அதற்கும் இன்னும் பதில் இல்லை.

பிறகு காந்தம். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது, நல்ல வலுவானது. கருங்கட்டி நேராக நகர்ந்துபோய் அதில் ஒட்டிக்கொண்டது.

வகுப்பில் எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, ரெக்கார்டு நோட்டில் ‘காண்பன’ என்ற கட்டத்தில், ‘காந்தம் கவரவில்லை’ என்று எழுதினார்கள். கையேட்டில் அப்படித்தானே இருக்கிறது! ஒரே ஒரு மாணவி மட்டும், ‘காந்தம் கவர்ந்தது’ என்று எழுதி, ‘அறிவன’ கட்டத்தில் ‘கொஞ்சம் இரும்பு வினைபுரியாமல் மீந்திருக்கலாம்’ என்று சேர்த்தாள். ஆண்டாய்வுக்கு வந்த குழு அதைச் சிவப்பு மையால் சுழித்து, ‘தவறு, திருத்தி எழுதவும்’ என்று குறிப்பு வைத்துவிட்டுப் போயிருக்கிறது. மற்ற நோட்டுகளுக்கெல்லாம் ‘நன்று’.

பணிவுடன் கேட்கிறேன்: குற்றவாளி இரும்பு சல்ஃபைடா, அந்தப் பெண்ணா? இரும்பு சல்ஃபைடுதான் என்றால் அதற்கு அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின் 17(ஆ) பிரிவில் குறிப்பாணை கொடுங்கள். பதினைந்து நாளுக்குள் விளக்கம் கேளுங்கள்.

அது கொடுக்கப்போகும் விளக்கத்தை முன்கூட்டியே என்னால் ஊகிக்க முடிகிறது. பட்டறைச் சுருள் தடிமனானது. கந்தகம் மேல்தோலைத்தான் தொடும், உள்ளே இரும்பு இரும்பாகவே இருக்கும். குழாய் வாயில் எரிந்துபோன கந்தகத்தால் ஏழுக்கு நான்கு என்ற கணக்கும் கெடும். இரும்பு மிஞ்சும், ஒட்டும். சரி, கந்தகத்தைத் தாராளமாகப் போடுவோம் என்றால், இரும்பு சல்ஃபைடு இரும்பணுக்கள் சில குறைந்தாலும் குடும்பம் நடத்தக்கூடிய சேர்மம். எட்டுக் கந்தக அணுவுக்கு ஏழே இரும்பணு என்ற நிலையில் பைரோடைட் என்ற கனிமமாகப் பூமியில் கிடைக்கிறது. அதற்குக் காந்தத்தன்மை உண்டு. இரும்பு மிஞ்சினால் இரும்பு ஒட்டும். கந்தகம் மிஞ்சினால் சேர்மமே ஒட்டக்கூடும். அட்டவணை எந்தப் பக்கம் போய் நிற்கும்?

ஒன்றுக்கு ஒன்று என்று அணு பிசகாமல் அமைந்த, காந்தத்தைக் கண்டுகொள்ளாத இரும்பு சல்ஃபைடும் இயற்கையில் இருக்கத்தான் செய்கிறது. ட்ரோய்லைட் என்று பெயர். பூமிப் பாறைகளில் அரிது, விண்கற்களில்தான் தாராளம். ஆகவே ஒவ்வொரு பள்ளிக்கும் விண்கல் ஒன்று வீதம் ஒதுக்கீடு செய்து ஆணையிடுமாறு வேண்டுகிறேன். மூன்று விலைப்புள்ளி பெறுவதில் சிரமம் இருக்கும் என்பதால் அந்த விதியை மட்டும் தளர்த்தித் தர வேண்டும்.

இந்த வழக்கு பழையது, ஐயா. சேர்மத்தில் தனிமங்கள் மாறாத விகிதத்தில்தான் சேரும் என்று 1799-இல் பிரௌஸ்ட் சொன்னார். அப்படியொன்றும் கட்டாயமில்லை, விகிதம் மாறலாம் என்று பெர்தோலே மறுத்தார். பல ஆண்டுகள் மரியாதை குறையாமல் வாதாடினார்கள், பிரௌஸ்ட் வென்றார். அவர் விதியைப் பாடமாக நடத்துகிறோம், சரிதான். ஆனால் விகிதம் மாறும் சேர்மங்களுக்கு வேதியியலாளர்கள் பிற்பாடு பெர்தோலைடு என்று தோற்றவர் பெயரையே வைத்தார்கள். அந்த வகைக்குப் பேர்போன எடுத்துக்காட்டுகளில் ஒன்று இரும்பு சல்ஃபைடு. மாறா விகித விதியைப் பிள்ளைகளுக்கு விளக்க, உலகத்தில் உள்ள அத்தனை சேர்மங்களையும் விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, அவர் நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவர்.

அமிலச் சோதனையிலும் சிக்கல். கலவையில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் மணமற்ற ஹைட்ரஜன் வரும், சேர்மத்தில் விட்டால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும் என்கிறது கையேடு. பட்டறை இரும்பிலேயே கொஞ்சம் கந்தகம் இருப்பதால் எங்கள் பள்ளியில் கலவையும் லேசாக நாறுகிறது. இதையும் யாரும் நோட்டில் எழுதவில்லை. சேர்மம் நாறுவது உண்மை. தலைமையாசிரியர் அறைவரை அந்த உண்மை எட்டியது.

கந்தகத்தைக் கரைத்துப் பிரிக்கக் கார்பன் டை சல்ஃபைடு ஊற்றச் சொல்லும் பத்தியைப் பற்றி மட்டும் பகடி இல்லாமல் ஒரு வார்த்தை. அது 46 டிகிரியிலேயே கொதிக்கும். ஏறத்தாழ 90 டிகிரிச் சூட்டில் தீக்குச்சி இல்லாமலே பற்றும். ஆவி நரம்பைத் தாக்கும். புகைபோக்கி அலமாரி இல்லாத அறையில், பக்கத்து மேசையில் அடுப்பு எரிய, நாற்பது பிள்ளைகளை நிறுத்திவைத்து அதைத் திறக்க நான் தயாரில்லை. அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள்.

இரும்பு சல்ஃபைடை மட்டும் தண்டித்தால் பாரபட்சம் என்று பெயர் வரும். கலவைக்கு நிலையான விகிதம் கிடையாது என்கிறது அட்டவணை. காற்று கலவைதான், ஆனால் ராமேஸ்வரத்தில் எடுத்தாலும் ஊட்டியில் எடுத்தாலும் ஈரத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் நைட்ரஜன் 78, ஆக்சிஜன் 21 சதவீதம். கலவைக்கு நிலையான கொதிநிலை கிடையாது என்கிறது அட்டவணை. எத்தனாலும் நீரும் 95.6-க்கு 4.4 என்ற எடை விகிதத்தில் சேர்ந்துவிட்டால் 78.2 டிகிரியில் ஒரே சீராகக் கொதித்து இறங்கும்; காய்ச்சி வடித்துப் பிரிக்கவும் வராது. இவற்றுக்கும் குறிப்பாணை தயார் செய்ய வேண்டும். காற்றுக்கு அனுப்புவதை எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதைத் தங்கள் அலுவலகமே முடிவு செய்யட்டும்.

மேற்கண்ட நடவடிக்கைகளுக்குக் காலதாமதம் ஆகும் என்பது தெரியும். அதுவரை இடைக்கால ஏற்பாடாக, ‘காண்பன’ கட்டத்தில் கண்டதை எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் வழங்கலாம் என்று விடைக்குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். அரசுக்குக் கூடுதல் செலவினம் ஏதும் ஏற்படாது என்று சான்றளிக்கிறேன். அந்த மாணவியிடம் நோட்டைத் திருத்தி எழுதச் சொல்லும்படி எனக்கு வந்த வாய்மொழி ஆணையை எழுத்து மூலம் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். ‘ஒட்டியதை ஒட்டவில்லை என எழுதுக’ என்று ஒரே வரியில், அலுவலக முத்திரையுடன் இருந்தால் நலம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
அறிவியல் ஆசிரியர்.

இணைப்பு: 1. கருங்கட்டி ஒன்று, காகிதப் பொட்டலத்தில். 2. ஸ்பீக்கர் காந்தம் ஒன்று (திருப்பி அனுப்ப வேண்டும், பள்ளியில் வேறு இல்லை).

குறிப்பு: கட்டியை மேசையில் மதிய உணவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்டாலே அலுவலகம் காலியாகிவிடும்.