வலப்பக்கம் முடிவற்றது: லினக்ஸ் ஜன்னல்கள் குறித்து ஓர் ஆய்வு

1. நோக்கமும் எல்லையும்

கணினித் திரையில் புதிதாக ஒரு ஜன்னல் திறக்கும்போது, முன்பே திறந்து கிடக்கும் ஜன்னல்களின் கதி என்ன? உலகத்தார் இதை ஒரு கேள்வியாகவே கருதாமல் பிழைப்பைப் பார்க்கிறார்கள். லினக்ஸ் பயனர்களுக்கு அப்படி விட மனம் வரவில்லை. விடை தேடி, ஜன்னல்களை நிறுத்தும் நிரல்களான விண்டோ மேனேஜர்களை வரிசையாக எழுதினார்கள், கட்சி பிரிந்தார்கள், ஒரு கட்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினார்கள். அண்மைக்காலத் தாவல்களில் அதிகம் பேசப்படுவது, உருளும் விண்டோ மேனேஜருக்கு மாறுவது. அதிலும் நிரி என்னும் மென்பொருளே இவ்வாய்வின் பொருள்.

கருதுகோள் வருமாறு: திரையில் இடப் பற்றாக்குறை நீங்கினால் மனிதன் வேலை பார்ப்பான்.

விண்டோஸ், மேக் பயனர்கள் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. ஜன்னல்களை எப்படி நிறுத்துவது என்ற கவலையை அவர்களுக்காக வேறு யாரோ பட்டு முடித்துவிட்டார்கள். ஆய்வுக்கு உட்பட்டோர் தொகை, இலக்கணத்தில் ஒருமை எனப்படுவது. ஆய்வாளரும் ஆய்வுக்கு உட்பட்டவரும் ஒருவரே என்பதால் நேர்காணலுக்குச் செலவு ஆகவில்லை. சார்பு இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தபோது, இருவரும் கலந்து பேசி அதை நிராகரித்தனர்.

2. முன்னோர் செய்தவை

1981இல் ஜெராக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டார் கணினியில் ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாக நின்றன. 1984இல் வந்த மேக்கின்டோஷ் அவற்றை ஏறவிட்டது. 1985 நவம்பரில் வெளியான விண்டோஸ் 1.0, ஏறக் கூடாது என்றது. 1987இல் விண்டோஸ் 2.0 வந்ததும் அங்கேயும் ஏறிவிட்டன. ஆக, ஆறே ஆண்டுகளில் மனித இனம் இவ்விஷயத்தில் மூன்று முறை மனம் மாறியிருக்கிறது.

பிளவுகள் பெருகக் காரணம் எம்ஐடியில் 1984இல் பிறந்த எக்ஸ் விண்டோ சிஸ்டம். திரையில் வரையும் பொறுப்பைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, ஜன்னல்களை எங்கே நிறுத்துவது என்ற பொறுப்பை அது இன்னொரு சாதாரண நிரலிடம் விட்டது. அந்த நிரலை யார் வேண்டுமானாலும் எழுதலாம். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால், எழுதுவார்கள். 2006இல் டிடபிள்யூஎம் என்ற விண்டோ மேனேஜர் வந்தது. மொத்த நிரலும் 2,000 வரிகளைத் தாண்டக் கூடாது என்பது அதன் விரதம். அமைப்பை மாற்ற விரும்பினால் சி மொழி மூலநிரலையே திருத்தி மறுபடி தொகுக்க வேண்டும். 2007இல் வந்த எக்ஸ்மொனாட், அதே திருத்தத்தை ஹாஸ்கெல் மொழியில் செய்யச் சொன்னது. 2009இல் வந்த ஐ3 சாதாரண உரைக்கோப்பு போதும் என்று கருணை காட்டியது.

எக்ஸுக்கு மாற்றாக 2008இல் தொடங்கிய வேலேண்ட், பிரித்த பொறுப்புகளை மீண்டும் ஒரே நிரலில் கட்டியது. அதன்பின் விண்டோ மேனேஜர் எழுதுவது முன்பைவிடப் பெரிய வேலையானது. யாரும் நிறுத்தவில்லை. நோம் டெஸ்க்டாப்புக்கு நீட்சியாக எழுதப்பட்ட பேப்பர்டபிள்யூஎம் ஜன்னல்களை ஒரே வரிசையில் கோத்து உருட்டிக் காட்டியது. அதில் ஈர்க்கப்பட்டு இவான் மொலோடெட்ஸ்கிக் ரஸ்ட் மொழியில் எழுதியதே நிரி.

3. பரபக்கம்

அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில், பரபக்கத்தில் பிறர் மதங்கள் 14ஐ மறுத்த பிறகே சுபக்கத்தில் தம் கொள்கையை நிறுவினார். நமக்கு மறுக்கக் கிடைத்தவை இரண்டுதான். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது.

மிதவைவாதிகள். இவர்கள் பெரும்பான்மையினர், பெரும்பான்மையினர் என்பதே இவர்களுக்குத் தெரியாது. இவர்கள் கொள்கைப்படி ஜன்னல் எங்கும் நிற்கலாம், எதையும் மறைக்கலாம். மறைந்துபோனதை ஆல்ட்டும் டேபும் அழுத்தித் தேடிக்கொள்ளலாம். இவர்கள் ஜன்னல்களை ஒழுங்கு செய்வதில்லை; ஒன்றை இன்னொன்றின் கீழ் தள்ளிவிட்டு, கண்ணில் படாததை இல்லாததாகக் கொள்கிறார்கள். தத்துவத்தில் இதற்கு நீண்ட மரபு உண்டு. கணக்குப் பார்க்க உதவாது.

பகிர்வுவாதிகள். ஓர் அங்குலத் திரையும் வீணாகக் கூடாது, எல்லா ஜன்னலும் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது இவர்கள் பிரமாணம். விளைவு, சொத்துப் பாகப்பிரிவினை. 2022இல் வந்த ஹைப்பர்லேண்ட் என்ற விண்டோ மேனேஜரின் இயல்பான ஏற்பாட்டைப் பாருங்கள். முதல் ஜன்னல் முழுத்திரையையும் ஆள்கிறது. இரண்டாவது வந்ததும் ஆளுக்கு அரை. மூன்றாவதுக்குக் கால், நான்காவதுக்கு அரைக்கால், ஐந்தாவதுக்கு வீசம். 1920க்கு 1080 பிக்சல் திரையில் அந்த ஐந்தாம் வாரிசுக்குக் கிடைப்பது 480 பிக்சல் அகலமும் 270 பிக்சல் உயரமும். அதில் ஒரு பிரவுசர் குடியேறினால், பக்கத்தின் தலைப்பும், குக்கிகளுக்குச் சம்மதம் கேட்கும் பெட்டியும் தெரியும், பக்கம் தெரியாது.

இதைவிடக் கொடியது, மூத்தவர்களுக்கு நேர்வது. படித்துக்கொண்டிருந்த பத்தி, யாரோ டெர்மினல் திறந்த பாவத்துக்குச் சட்டென்று ஒடுங்கி, வரிகள் மடிந்து, கண் நின்ற இடம் தொலைந்துபோகிறது. எல்லாம் தெரிகிறது, எதையும் படிக்க முடியவில்லை என்ற நிலைக்கு இவர்கள் வைத்த பெயர் செயல்திறன்.

4. சுபக்கம்

நிரியின் மூல சூத்திரம் ஒன்றே: புதிய ஜன்னல் திறப்பதால், இருக்கும் ஜன்னலின் அளவு ஒருபோதும் மாறாது. வாரிசு பிறந்தால் இருக்கும் வீட்டை உடைக்காமல் பக்கத்து மனையை வாங்குவது இதன் நெறி. வலப்பக்கம் மனைக்குப் பஞ்சமில்லை, வரிசை முடிவற்றது.

செயல்முறையைக் கிட்டத்தில் பார்ப்போம். பாதித் திரையில் பிரவுசர் நிற்கிறது. சூப்பர் விசையோடு டெர்மினலுக்கான எழுத்தை அழுத்துகிறோம். (இந்தச் சூப்பர் விசையின் மேல் பெரும்பாலான கீபோர்டுகளில் விண்டோஸ் இலச்சினை பொறித்திருக்கும் என்பதைச் சமய நல்லிணக்கத்துக்குச் சான்றாகக் குறிக்கலாம்.) டெர்மினல் மீதிப் பாதியில் வந்து நிற்கிறது. மூன்றாவதாக ஒரு எடிட்டரைத் திறந்தால் முழு வரிசையும் இடப்பக்கம் வழுக்கி நகர்கிறது. பிரவுசர் திரைக்கு வெளியே போகிறது. எடிட்டர் வலப்பாதியில் அமர்கிறது. யாரும் சுருங்கவில்லை. வெளியே போன பிரவுசர் அதே அகலத்தில், அதே வரியில் இருக்கிறது. டச்பேடில் மூன்று விரல் வைத்து ஒதுக்கினால் திரும்பி வரும்.

கிடைவரிசை இப்படியென்றால், பணித்தளங்கள் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டுள்ளன. தேவைக்கேற்பத் தோன்றும், காலியானால் மறையும். ஆனால் அடியில் எப்போதும் ஒரு வெற்றுத் தளம் இருந்தே தீரும். அதில் எதையாவது வைத்தால் அதற்கும் கீழே இன்னொரு வெறுமை முளைக்கும். வெளி மானிட்டரைக் கழற்றினால் அதன் தளங்கள் மடிக்கணினித் திரையில் தஞ்சமடைகின்றன. மறுபடி மாட்டியதும் தத்தம் மானிட்டருக்குத் திரும்புகின்றன.

ஒரே நெடுவரிசையில் இரண்டு ஜன்னல்களை மேலும் கீழுமாக அடுக்கவும் வழியுண்டு. கமா அடுத்த ஜன்னலை உள்ளே சேர்க்கும், முற்றுப்புள்ளி பிரித்து வெளியேற்றும். ஒரு மென்பொருளின் விசைகள் நிறுத்தற்குறி இலக்கணத்துக்கு இவ்வளவு கட்டுப்பட்டு நடப்பது அரிது.

5. பின்ன ஆராய்ச்சி

நெடுவரிசையின் அகலத்தை மாற்ற சூப்பரோடு ஆர் அழுத்த வேண்டும். அமைப்புக் கோப்பில் மூன்று அகலங்கள் முன்கூட்டியே எழுதப்பட்டுள்ளன: 0.33333, 0.5, 0.66667. முதலும் மூன்றும் கூடினால் சரியாக 1. ஆனால் 0.33333 அகலத்தில் மூன்று நெடுவரிசைகளை நிறுத்தினால் தொகை 0.99999. மீதி 0.00001 எங்கே போயிற்று?

1920 பிக்சல் அகலத் திரையில், ஜன்னல்களுக்கு இடையே விடப்படும் 16 பிக்சல் சந்துகளைக் கணக்கில் எடுக்காவிட்டால், இந்த மீதி 0.0192 பிக்சல். பழைய கீழ்வாய் இலக்கத்தில் காணி என்பது எண்பதில் ஒன்று, அரைமா என்பது நாற்பதில் ஒன்று. எனவே ஒவ்வொரு பயனரும் திரையின் ஓரத்தில் ஒரு பிக்சலில் காணிக்கு மேற்பட்டு அரைமாவுக்குக் குறைந்த நிலத்தை இழந்து வருகிறார். இதற்கு இழப்பீடு கோரியவர் எவரும் இல்லை. பாகப்பிரிவினையில் மனம் நொந்து வந்தவர்கள், இவ்வளவு சிறியதற்கு வழக்காடுவதில்லை போலும்.

6. தடையும் விடையும்

தடை: திரைக்கு வெளியே போன ஜன்னலுக்கும், மிதவைவாதி மறைத்த ஜன்னலுக்கும் என்ன வேறுபாடு?

விடை: மிதவைவாதியின் ஜன்னல் ஏதோ ஒன்றின் கீழ் இருக்கிறது. நம்முடையது இடத்திலோ வலத்திலோ இருக்கிறது. காணாமல் போன பொருள் எந்தத் திசையில் போனது என்று தெரிந்தால் தேடல் பாதியாகும்.

தடை: எனில், 25.05ஆம் பதிப்பில் எல்லா ஜன்னல்களையும் சிறிதாக்கி ஒருசேரக் காட்டும் வசதியைச் சேர்த்தது ஏன்?

விடை: மீதிப் பாதிக்காக.

தடை: 25.01ஆம் பதிப்பில் மிதக்கும் ஜன்னல்களையும் அனுமதித்துவிட்டார்களே! பரபக்கத்தில் மறுத்ததைச் சுபக்கத்தில் ஏற்பது குற்றமன்றோ?

விடை: கோப்பைச் சேமிக்கவா என்று கேட்கும் சிறு பெட்டிக்குப் பாதித் திரை கொடுக்க எந்த வேதமும் சொல்லாது. விதிவிலக்கு இல்லாத சித்தாந்தத்துக்கு உரையாசிரியர்கள் கிடைப்பதில்லை.

தடை: ஒரே நெடுவரிசையில் அடுக்கும்போது ஜன்னல்கள் உயரத்தில் சுருங்கத்தானே செய்கின்றன?

விடை: சுருங்குகின்றன. ஆனால் கமாவை அழுத்தியது யார்? சூத்திரம் திறப்பதால் வரும் சுருக்கத்தையே விலக்கியது. தன் கையால் தேடிக்கொண்டது வினைப்பயன்.

7. களத்தில் கண்டவை

மாறியவரின் தொடக்க நாட்கள் அமைப்புக் கோப்பிலேயே கழிகின்றன. டிடபிள்யூஎம் காலத்தில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் மறுதொகுப்பு என்ற தடுப்புச்சுவர் இருந்தது. சோம்பல் மனிதனைக் காத்தது. நிரியில் கோப்பைச் சேமித்த கணமே மாற்றம் திரையில் நிகழ்கிறது. எழுத்துப்பிழை இருந்தால் எச்சரித்துவிட்டுப் பழைய அமைப்போடு ஓடுகிறது. பிழைக்குத் தண்டனையும் இல்லை, திருத்தத்துக்குத் தாமதமும் இல்லை என்றால் யார்தான் நிறுத்துவார்?

ஒரு சான்று. வரிசை நகரும் அசைவை ஒரு கற்பனை ஸ்பிரிங் நடத்துகிறது. அதன் இயல்பான விறைப்பு 800, தணிப்பு விகிதம் 1.0; இரண்டையும் கோப்பில் எழுதி மாற்றலாம். 1.0 என்றால் ஜன்னல் வந்து நிற்கும், ஆடாது. இதை 0.6 ஆக்கினால் ஜன்னல்கள் நிற்க வேண்டிய இடத்தைச் சற்றுத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து அமர்கின்றன. 0.7இல் கொஞ்சம் அடக்கமாகத் தாண்டுகின்றன. 0.65இல் எப்படி என்று அறிய வேண்டாமா? ஜன்னலுக்குள் இருந்த அலுவலக அறிக்கை இந்நேரம் முழுவதும் இங்கும் அங்கும் அழகாக ஆடிக்கொண்டிருந்தது.

முதன்மையான கண்டுபிடிப்பு வேறு. நிரியில் புதிய ஜன்னல் வரிசையின் கடைசிக்குப் போவதில்லை. நாம் நின்றுகொண்டிருக்கும் நெடுவரிசைக்கு அடுத்து, உடனே வலப்பக்கம் திறக்கிறது. எனவே வரிசையை இடமிருந்து வலமாக வாசித்தால், ஒருவர் எதிலிருந்து எதற்குப் போனார் என்ற வமிசாவளி பிசகாமல் கிடைக்கிறது. ஒரு மாதிரி வரிசை: முதலில் லிப்ரே ஆபிஸில் எழுதத் தொடங்கிய அறிக்கை. அடுத்து, அச்சில் எப்படி வருமென்று பார்க்க அதன் பிடிஎஃப். அதில் எழுத்துரு கண்ணை உறுத்தியதால் எழுத்துருக்கள் உள்ள கோப்புறை. அடுத்து, புதிய எழுத்துருவைக் கணினிக்கு அறிமுகப்படுத்த ஒரு டெர்மினல். அடுத்து, டெர்மினலுக்கு உகந்த எழுத்துரு எதுவென்று தேடிய பிரவுசர். அடுத்து, அங்கே கிடைத்த, வேறொருவரின் பளபளப்பான டெஸ்க்டாப்பின் படம். கடைசியாக, அந்தப் படத்தில் கண்ட நிறங்களைத் தன் திரைக்கும் கொண்டுவர எடிட்டரில் திறந்த நிரியின் அமைப்புக் கோப்பு.

ஒவ்வோர் அடியும் நியாயமானது என்பதைக் கவனிக்க வேண்டும். எந்த இடத்திலும் ஆய்வுக்கு உட்பட்டவர் வேலையை விட்டு எழுந்து போகவில்லை. மிதவைவாதியின் திரையில் இந்தச் சான்றுகள் ஒன்றன்கீழ் ஒன்று புதைந்திருக்கும். பகிர்வுவாதியின் திரையில் நான்காவது அடியிலேயே இடம் நெருக்கி, எதையாவது மூடச் சொல்லியிருக்கும். உருளும் வரிசை மட்டுமே எதையும் தடுக்காமலும் எதையும் மறக்காமலும் முழுக் கதையையும் பாதுகாக்கிறது. சூப்பரோடு ஹோம் விசையை அழுத்தினால் வரிசையின் முதல் ஜன்னலுக்கே போய்விடலாம் என்பதையும் நேர்மை கருதிப் பதிவு செய்கிறோம். திரும்பும் வழி எப்போதும் திறந்தே இருந்தது.

8. முடிவும் மேலாய்வுக் களங்களும்

கருதுகோள் பொய்த்தது. இடப் பற்றாக்குறை நீங்கியது. மனிதன் வேலை பார்க்கவில்லை. இத்தனை காலமும் பழி சுமந்து வந்த திரை குற்றமற்றது என்று அறிவிக்கப்படுகிறது. போதாமல் இருந்தது ஜன்னலை மூடுவதற்கான மனம். மறைப்பதும் பங்கிடுவதும் வலப்பக்கம் தள்ளுவதும், மூடாமலிருக்க மூன்று கட்சிகள் கண்டுபிடித்த மூன்று வழிகள். அவற்றுள் உருளும் நெறியே மூடாமையை முழு மரியாதையோடு நடத்துகிறது. ஆகவே அதையே பரிந்துரைக்கிறோம்.

பின்வருவோர் ஆராயத்தக்கவை: காணிக்கும் அரைமாவுக்கும் இடைப்பட்ட பிக்சல் நிலத்தின் உரிமை யாருடையது? தணிப்பு விகிதம் 0.65இல் ஆடும் அறிக்கையை மேலதிகாரி எவ்வாறு எதிர்கொள்வார்? மூன்றாவதாக, சூப்பரோடு க்யூவை அழுத்தினால் ஜன்னல் மூடிவிடுகிறது. இவ்வசதி வேறு விசைகளில் எல்லாக் கட்சியிலும் ஆதிமுதல் இருந்துவருகிறது. இக்கட்டுரையின் மொத்தச் சிக்கலையும் அது ஒரு நொடியில் தீர்க்கும். ஆய்வுக்கு உட்பட்டவர் அதை ஏன் பயன்படுத்தவில்லை என்பது தனி ஆய்வுக்குரியது. அதற்கான தரவுகள் திரட்டப்பட்டு, இக்கட்டுரைக்கு வலப்பக்கம் வரிசையாகத் திறந்து வைக்கப்பட்டுள்ளன.