ஆர்.சி. புக்குல இல்லாத குதிரை

வா கண்ணு, வா. மொதல்ல அந்தக் காரை அணைச்சுப்போட்டு வந்து உக்காரு. நீ தெருமுக்கு திரும்பறப்பவே பொடக்காளியில கட்டியிருந்த எருமை கயித்தை அத்துக்கப் பாத்துச்சு. என்னமோ உடைஞ்சுபோச்சாட்டம் இருக்குதுன்னு நானும் பதறிப்போனேன். அப்பறந்தான் உன்ற அப்பன் சொன்னான், "உடையலீங்கப்பா, காசு குடுத்து அப்படி வெச்சிருக்கான்"னு. காசு குடுத்தா? ஏங் கண்ணு, நாங்கெல்லாம் வண்டி அப்படிக் கத்துனா, காசு குடுத்து அதை நிறுத்துவோம்!

என்னடா பண்ணியிருக்கேன்னு கேட்டா "ஸ்டேஜ் டூ அப்பாரு"ங்கறே. சரி, ஸ்டேஜ் டூ. நானும் விசாரிச்சு வெச்சிருக்கேன். வண்டியோட கம்ப்யூட்டர் மூளையில கணக்கை மாத்தி எழுதியாச்சு. காத்து இழுக்கற பக்கம் செவப்பா ஒரு உருண்டை. புகை போற பக்கம் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழட்டிப்போட்டு நேர்குழாய். கழட்டுனதை என்ன பண்ணுனே? மெக்கானிக் "இது சும்மா எடம் அடைச்சுக்கிட்டு இருக்கு தம்பி"ன்னு சொல்லி வாங்கி வெச்சுக்கிட்டானா? வெச்சுக்குவான், வெச்சுக்குவான். அதுக்குள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்னு தங்கத்தோட போட்டி போடற உலோகமெல்லாம் பூசியிருக்குது. நீ கூலியும் குடுத்து, சாமானையும் குடுத்துப்போட்டு வந்திருக்கே. அவன் சாமர்த்தியசாலி. அவனுக்குத்தான் ஸ்டேஜ் த்ரீ.

அந்த டப்பா என்னத்துக்கு இருக்குதுன்னு தெரியுமா? எரிஞ்சும் எரியாமலும் வர்ற பெட்ரோலையும், கார்பன் மோனாக்சைடையும், நைட்ரஜன் ஆக்சைடையும் வெளியில விடாம மடக்கி, மாத்தி அனுப்பத்தான். 2020 ஏப்ரல் 1லிருந்து நாடு பூராவும் பி.எஸ்.6ங்கற புகை விதி. நாலுல இருந்து அஞ்சுக்குப் போகாம ஒரே எட்டுல ஆறு. டீசல் கார்ல கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடு விடலாம்னு இருந்தது 80க்கு வந்துச்சு. எண்ணெயில இருந்த கந்தகத்தைப் பத்து லட்சத்துல 50 பங்குல இருந்து 10 பங்காக் கொறைச்சாங்க. சுத்திகரிப்பு ஆலையில மிசினு மாத்தி, கார் கம்பெனியில இஞ்சினு மாத்தி, அத்தனை பேரு ராத்திரி பகலாப் பாடுபட்டதை, நம்ம மெக்கானிக் மத்தியானச் சோத்துக்கு முந்தி ஸ்பேனர் போட்டுக் கழட்டிப்போட்டான். கெட்டிக்காரன்தான் போ.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேட்டா மூஞ்சியைச் சுளிக்கறே. நெம்ப இல்லை, கேளு. மோட்டார் வாகனச் சட்டத்துல 52ஆம் பிரிவு. கம்பெனிக்காரன் என்ன எழுதிக் குடுத்து ஆர்.சி.யில ஏறுச்சோ, வண்டியில அதுதான் இருக்கோணும். கேரளாவுல இருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2019 ஜனவரியில அதையேதான் அழுத்தமாச் சொன்னாங்க. அந்த வருசமே சட்டத்தைத் திருத்தி 182ஏ-ன்னு ஒரு பிரிவையும் சேத்துனாங்க. அனுமதியில்லாம மாத்துனா ஆறு மாசம் வரைக்கும் செயிலு, இல்லாட்டி மாத்தம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூவா தண்டம், இல்லாட்டி ரெண்டும். ஒவ்வொண்ணுக்கும்! உன்ற வண்டியில எத்தனை மாத்தியிருக்கேன்னு நீ பெருமையா எண்ணிக் காட்டுனயே, அதே கணக்கைத்தான் அவங்களும் எண்ணுவாங்க. புகைக்கும் சத்தத்துக்கும் 190ஆம் பிரிவு தனியா நிக்குது. 10,000 வரைக்கும் தண்டம், மூணு மாசம் லைசென்சு கிடையாது.

இதுல ஒரு வேடிக்கை இருக்குது. அந்த 182ஏ-ல "உரிமையாளர்"னுதான் போட்டிருக்குது. வண்டி யாரு பேருல இருக்குது? உன்ற அப்பன் பேருல! குழாய் உன்றது, களி அவனுக்கு. பாவம், அவன் இன்னும் ஸ்டேஜ் ஒண்ணு என்னன்னே தெரியாம மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருக்கறான்.

"புகைச் சான்று இருக்குது அப்பாரு"ன்னு நீட்டறே. பேஷ். எப்படி வாங்குனே? பொண்ணு பாக்கப் போறவன் ஒறம்பரை ஊட்டுல சங்கிலி இரவல் வாங்கி மாட்டிக்கிட்டுப் போறாப்பல, அந்தக் கன்வெர்ட்டரை மெக்கானிக் கிட்டயே இரவல் வாங்கி ஒரு நாளைக்கு மாட்டிக்கிட்டுப் போய் நின்னிருப்பே. எனக்குத் தெரியாதா? ஆனாலும் நெசத்தைச் சொல்லோணுமே, அந்தச் சோதனை பண்ற கவர்மெண்டும் நெம்ப அப்பாவிதான். பி.எஸ்.4லிருந்து மேல இருக்கற வண்டின்னா வருசத்துக்கு ஒருக்கா போனாப் போதும். பெட்ரோல் காரு நின்ன எடத்துலயே மூச்சு விடறதைத்தான் மோந்து பாக்கறாங்க. அவிநாசி ரோட்டுல நீ ராத்திரியில முறுக்கறப்ப அது என்ன மூச்சு விடுதுன்னு எந்த மிசினு பாக்குது? அதனால உன்னைக் காட்டிலும் அந்தச் சான்று நல்ல பையன்னு எனக்குத் தெரியும்.

இனிமேத்தான் நெசமான கூத்து. இன்சூரன்சு.

போன வாட்டி போனுலயே புதுப்பிச்சயே, அதுல ஒரு கேள்வி இருந்திருக்குமே. வண்டியில மாத்தம் ஏதாச்சும் பண்ணியிருக்கீங்களான்னு. நீ "இல்லை"ன்னு அமுக்குனே. ஊரெல்லாம் கூப்பிட்டு, பானெட்டைத் தொறந்து காட்டி, வீடியோ எடுத்துப் போட்டவன், பணம் குடுக்கற ஒரே ஒருத்தன் கிட்ட மட்டும் "இல்லை"ன்னே. இதென்ன கண்ணு நியாயம்? கோயில்ல பொய் சொன்னாக்கூட சாமி பேசாம இருக்கும். இன்சூரன்சுக்காரன் எல்லாத்தையும் எழுதி வெச்சுக்குவான்.

பிரீமியம் எப்படிப் போடறாங்கன்னு பாரு. அடுத்தவனுக்கு நட்டம் பண்ணுனா குடுக்கற மூணாம் நபர் இன்சூரன்சு இருக்குதல்ல, அது இல்லாம வண்டியை ரோட்டுலயே எறக்கக் கூடாது. 146ஆம் பிரிவு. அதுக்கு இஞ்சின் அளவை வெச்சுத்தான் கணக்கு. 2022ல போட்ட கணக்குப்படி 1,000 சி.சி. வரைக்கும் 2,094 ரூவா, 1,500 வரைக்கும் 3,416, அதுக்கு மேல 7,897. இப்ப உன்ற சேக்காளி ஒருத்தன் 1,200 சி.சி. வண்டியில 1,800 சி.சி. இஞ்சினைத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரியறானே, அவன் கட்டறது எந்தக் கணக்கு? ஆர்.சி.யில இருக்கற பழைய கணக்கு. ஓடறது? வேற கணக்கு. ஆர்.சி. புக்குல இல்லாத குதிரைகளுக்கு எந்தக் கம்பெனி தீனி போடும்?

போடாதுடா. எங்கியாச்சும் போய் மோதிப்போட்டு வந்தேன்னு வை. சர்வேயர்னு ஒருத்தரு வருவாரு. சாதுவா இருப்பாரு. டீ குடுத்தாக் குடிப்பாரு. ஒண்ணும் கேக்க மாட்டாரு. பானெட்டைத் தொறப்பாரு, நாலு போட்டோ எடுப்பாரு, குனிஞ்சு குழாயைப் பாப்பாரு, "சரிங்க தம்பி"ன்னுட்டுப் போயிருவாரு. அப்பறம் ஒரு லெட்டர் வரும். "சொல்லாமல் விட்ட மாற்றம்" காரணமா உன்ற வண்டிக்கான நட்டத்தைத் தர முடியாதுன்னு. அன்னைக்கு நீ பொக்குனு போய் உக்காந்திருப்பே. அடிபட்டவனுக்குக் கோர்ட்டு சொன்னபடி கம்பெனி மொதல்ல குடுத்தாலும், பாலிசியை மீறிப்போட்டான்னு ஆச்சுன்னா அந்தப் பணத்தை வண்டிக்காரன் கிட்ட வசூல் பண்ணச் சொல்லி உத்தரவு வாங்கலாம். வண்டிக்காரன் யாரு? மறுக்கா உன்ற அப்பன்தான். நாலு ஏக்கரா தோட்டத்தைக் குழாய்ச் சத்தத்துக்கு எழுதி வெச்ச ஒரே குடும்பம்னு ஊரு சொல்லும். வண்டிக்குக் கடன் குடுத்த பேங்குக்காரனுக்கு வண்டி இந்தக் கோலத்துல இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கியா? அதுவும் இல்லை.

கண்ணாடிக்குக் கருப்பு ஒட்டறதுக்கு 2012லயே தடை போட்டாங்க. முன்னாடி மாட்டற இரும்புக் கம்பிக்கு 2017லயே தடை போட்டாங்க. அதையெல்லாம் பேசி என்ன ஆகுது, உட்டுத்தள்ளு.

"அப்ப எதையுமே மாத்தக் கூடாதா"ன்னு ஓரியாட்டம் பண்ணாதே. யாரு சொன்னா? வழியா மாத்து. இஞ்சின் தேஞ்சு போச்சுன்னா அதே வகை இஞ்சினை அனுமதி வாங்கி வெச்சு, நம்பரை ஆர்.சி.யில ஏத்து. கலர் மாத்தோணுமா, மாத்தி ஆர்.சி.யில எழுது. கால் முடியாதவங்க ஓட்டறதுக்கு மாத்திக் கட்டறதுக்குச் சட்டமே வழி விடுது. கேஸ்ல ஓட்டோணுமா, 2022 ஆகஸ்டுல பி.எஸ்.6 பெட்ரோல் காருக்கும் சி.என்.ஜி. கிட்டு மாட்டலாம்னு வழி பண்ணியிருக்காங்க. அங்கீகாரம் வாங்குன கிட்டு, அங்கீகாரம் வாங்குன கடை, ஆர்.சி.யில எரிபொருள் மாத்தி எழுதி, இன்சூரன்சுலயும் சேத்தோணும். அதுக்குக் கூடுதல் பிரீமியம் கிட்டு வெலையில நூத்துக்கு நாலு, மூணாம் நபருக்கு ஒரு 60 ரூவா, இதுதான் பழைய வழக்கமான கணக்கு. 60 ரூவாடா! நீ டீக்கடையில உக்காந்து இஞ்சினைப் பத்திப் பேசறப்ப உட்டுப்போட்டு வர்ற காசு. உருளையை மாத்திரம் மூணு வருசத்துக்கு ஒருக்கா சோதிச்சுக்கோ, அது நெசமாவே வெடிக்கற சாமானு.

கரூருக்கு ஒருக்கா போய்ப் பாரு. வெறும் சேசிஸ் வந்து நிக்குது. முன்னால கண்ணாடி கூட இருக்காது. அதுக்கு மேல முழுப் பஸ்ஸையும் கட்டி அனுப்பறாங்க. உன்ற குழாயெல்லாம் ஒரு மாத்தமா? அவங்க பண்றது மாத்தம். ஆனா அதுக்கு ஏ.ஐ.எஸ்.-052ன்னு விதிமுறை இருக்குது, கட்டறவனுக்கு அங்கீகாரம் இருக்குது, கட்டி முடிச்சப்பறம் பாத்துப் பதியற ஆபீசரும் இருக்கறாங்க. கை நெறைய வித்தை இருக்கறவன் காயிதத்துக்குப் பயப்படறதே இல்லை கண்ணு. கவனிச்சிருக்கியா?

வேகம்தான் வேணும்னா அதுக்கும் நம்மூர்ல எடம் இருக்குது. மாருதி 800 இஞ்சினை வெச்சு ஒத்தை ஆளு உக்கார்ற ரேஸ் காரு கட்டுனவரு நம்ம கோயமுத்தூர் கரிவரதன். அவரு பேருலதான் செட்டிப்பாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்குது. அதுக்குள்ள எருமையும் இல்லை, எதிர்ல டவுன்பஸ்ஸும் இல்லை. உன்ற சாதாரணப் பாலிசி அங்கீயும் வராது, ரேஸுன்னா கிடையாதுன்னு அதுலயே போட்டிருப்பாங்க, அதையும் படிச்சுப்போட்டுப் போ. போறப்ப வண்டியை லாரியில ஏத்திக்கிட்டுப் போ, ரோட்டுல ஓட்டிக்கிட்டுப் போகாதே.

லாரி வாடகை எவ்வளவுன்னு கேட்டு வா, என்ற சிலுவாட்டுக் காசுல பாதி நான் தர்றேன். உங்கப்பத்தா காதுல மட்டும் போட்டுறாதே, அவ அந்தக் காசைத் தேடிக்கிட்டு இருக்கறா.