கதகதப்புக் கணக்கு

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் வீடு வாங்குபவர் கொடுத்துவைத்தவர். குளிருக்கு எந்த எரிபொருள் மலிவு என்று அவர் குழம்பிவிடக் கூடாதே என, ஒவ்வொன்றையும் வெவ்வேறு அளவில் விற்கிறார்கள். எண்ணெய் கேலனில். எரிவாயு, தெருவுக்குக் குழாய் வந்திருந்தால், தெர்மில். மின்சாரம் யூனிட்டில். விறகு ‘கார்டு’ கணக்கில். அதாவது 128 கன அடி, அடுக்குபவரின் மனசாட்சிக்கு உட்பட்டு. புரொப்பேனும் கேலன்தான், ஆனால் எண்ணெய்க் கேலனின் சூட்டில் மூன்றில் இரண்டு பங்குதான் தரும். எவ்வளவு நேர்த்தி!

ஹீட் பம்ப் அதைவிட உத்தமம். ஒரு யூனிட் மின்சாரம் வாங்கிக்கொண்டு இரண்டு, மூன்று யூனிட் வெப்பம் தருகிறது. இப்படிப்பட்ட தாராளத்தை யார்தான் நம்புவார்கள்?

நம்மவர் சளைக்கவில்லை. அத்தனையையும் பி.டி.யு. என்ற ஒரே வெப்ப அலகுக்கு மாற்றி, எக்செல்லில் வண்ணம் தீட்டி, தசமப் புள்ளிவரை ஆராய்ந்தார். பிறகு, நிலவறையில் 275 கேலன் எண்ணெய்த் தொட்டி துருவேறி நிற்கும் வீட்டை வாங்கினார். சமையலறையில் கிரானைட் மேடை இருந்ததே!

பரணில் வெப்பக்காப்புப் பஞ்சு இருக்கிறதா என்று பார்க்கும் அற்பப் புத்தி அவருக்கு இல்லை. இப்போது அந்தத் தெருவிலேயே முதலில் பனி உருகும் கூரை அவருடையதுதான்.