பாட்டிக்கு ஆயுசு 4,000 எழுத்து

பிரிட்டனில் மருத்துவம் படிக்க யூகாஸ் வழியாக மனுச் செய்கிறவர் தன்னைப் பற்றி 4,000 எழுத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். சொல்லுக்குச் சொல் விடும் இடைவெளியும் அதில் சேர்த்தி. அதற்குள் ஒரு பாட்டி நோயில் விழுந்து, கண்மூடி, பேரன் சபதமும் எடுத்தாக வேண்டும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் 5,300 எழுத்து. அங்கே பாட்டிக்கு ஆயுசு கொஞ்சம் கெட்டி. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ்ப்பள்ளியில் ‘என் இலட்சியம்’ எழுதிய நாளிலேயே, ‘ஏழைகளுக்கு இலவச வைத்தியம் பார்ப்பேன்’ என்ற வரிக்குச் சரி போட்டுப் பழக்கியவர்கள் நாம்தான். பதினொரு வயதில் அந்த வரி அழகு. பதினெட்டில் எழுதினால், படிப்புக் கடனை யார் கட்டுவது என்று படிக்கிறவருக்குக் கேட்கத் தோன்றும்.

புள்ளி இருக்கும்போது கட்டுரை எதற்கு என்பார்கள். நம் மலேசிய அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடம் கொடுக்கும் யூபியூ கணக்கில் 90 விழுக்காடு தேர்வுக்கு, 10 புறப்பாடத்துக்கு. அதற்கு மேலும் மருத்துவத்துக்கு நேர்முகத் தேர்வு வைக்கிறார்களே, ஏன்? கிளினிக்குக்குப் போவதற்கு முதல் நாள் மட்டும் தே தாரிக்கை நிறுத்தி, மாத்திரையை ஒழுங்காக விழுங்கும் தாத்தாக்கள் சுங்கை பட்டாணியிலும் உண்டு, கூலிமிலும் உண்டு. காலையில் வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை அளவு அவர்களுக்கு நற்சான்று கொடுக்கும். எச்பிஏ1சி பரிசோதனையோ கடந்த இரண்டு மூன்று மாதத்து வண்டவாளத்தைச் சொல்லிவிடும். தேர்வுப் புள்ளி முதல் வகை. நல்ல கட்டுரை இரண்டாம் வகை.

அண்ணனோ டியூஷன் ஆசிரியரோ கணினியோ எழுதித் தந்தால் என்ன செய்வது? சபதத்தை யாரும் எழுதித் தரலாம். அந்தத் தாத்தா மாத்திரையை எந்த டப்பாவில் ஒளிக்கிறார் என்பது பக்கத்தில் இருந்தவருக்குத்தான் தெரியும். யூகாஸும் 2026 சேர்க்கையிலிருந்து ஒரே கட்டுரையை மூன்று கேள்வியாக்கிவிட்டது: ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படித் தயார்ப்படுத்தியது, வகுப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். சபதத்துக்குத் தனிக் கேள்வி இல்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு லண்டன் மருத்துவமனையில் டாக்டர் பின்னால் திரிய வசதி ஏது என்று கேட்டால், வீட்டு மாத்திரை டப்பாவே போதும். தோட்டத்தை மறைக்கவும் வேண்டாம். பீடோங்கில் ஹார்வார்ட் தோட்டமும் இருக்கிறது, அந்தப் பெயரில் தமிழ்ப்பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே படித்தவர் ‘ஹார்வார்டில் படித்தேன்’ என்று எழுதினால் பொய்யில்லை. எந்த ஹார்வார்ட் என்று நேர்முகத் தேர்வில் கேட்பார்கள். கூச்சப்படாமல் தோட்டத்தைப் பற்றிப் பேசினால், அதற்குத்தான் புள்ளி.