லைனில் இருப்பவர்

வானொலிக்குத் தொலைபேசி வழியே பேட்டி கொடுப்பவர் கள்ளக்குறிச்சி மாவட்டத்து ரிஷிவந்தியம் வட்டாரத்தில் ஊருக்கு ஒருவராவது இருப்பார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியராக இருப்பது வழக்கம். இல்லையென்றால், மரவள்ளியில் ஒரே ஒரு பட்டம் நல்ல விளைச்சல் கண்டு, அதைப் பற்றிப் பல ஆண்டுகள் பேசிவரும் விவசாயி. திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியது, புதுச்சேரி நிலையம் 1967இல். ரிஷிவந்தியத்திலிருந்து இவற்றில் எங்கே போய்ப் பேசிவிட்டுத் திரும்பினாலும் ஒரு நாள் வேலை கெடும். ஆகவே நிலையம் அவரை வரச் சொல்வதில்லை, லைனில் பிடித்துக்கொள்கிறது.

பேட்டியின் முதல் பகுதி முகவரி. இது மற்ற மாவட்டத்தாருக்கு ஒரு வரியில் முடியும். இவருக்கு முடியாது. பிறந்தது தென்னாற்காடு மாவட்டம், 1993இல் விழுப்புரம் மாவட்டம், 2019 நவம்பர் முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். வீடு மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. இதை முழுவதும் சொல்லாமல் அவர், பேட்டியின் பொருளான கரும்புக்கு வரமாட்டார். 2011 தேர்தலில் விஜயகாந்த் வென்ற தொகுதி என்பதையும், அர்த்தநாரீஸ்வரர் கோயிலின் தேன் அபிஷேகத்தையும் சேர்த்துக்கொண்டால், ஐந்து நிமிட நிகழ்ச்சியில் கரும்புக்கு மிஞ்சுவது கொஞ்ச நேரம்தான்.

குரல் அவருக்கு இயல்பாகவே பெரியது. தொலைபேசியைக் கண்டால் இன்னும் பெரிதாகும். ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு அஞ்சலகத் திண்ணையில் காத்திருந்த தலைமுறை அது. சென்னை எவ்வளவு தூரமோ அவ்வளவு சத்தம் போட வேண்டும் என்று அன்று கற்றது இன்றும் மறக்கவில்லை. தாம்பத்தியச் சண்டையைக்கூடத் தாழ்ந்த குரலில் நடத்துகிற மனிதர், வானொலி அழைத்ததும் ஏரிக்கரையில் மாடு ஓட்டுகிற குரலுக்கு மாறிவிடுவார். கைபேசியின் ஒலிவாங்கி அரிசி மணியளவு. அது தாங்கக்கூடிய எல்லையைச் சத்தம் தாண்டினால் ஒலியலையின் உச்சி வெட்டுப்பட்டு, சொல்லுக்குச் சொல் கரகரக்கும். அந்தக் கரகரப்பை லைன் கோளாறு என்று நினைத்து அவர் மேலும் உரக்கப் பேசுவார். இதற்கு முடிவு கிடையாது.

அடுத்தது இடம். வீட்டுக்குள் டவர் கிடைக்காது என்பது அவரது உறுதியான நம்பிக்கை, பாதி உண்மையும்கூட. அதனால் பேட்டி மொட்டை மாடியில் நடக்கும். கல்வராயன் மலைக்காரர் நிலைமை இன்னும் கடினம். 2,000 அடிக்கு மேலே, வெள்ளிமலையைச் சுற்றிய சிற்றூர்களில், சிக்னல் கிடைக்கும் பாறை எது என்பது ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதி. பாறைக்கும் மாடிக்கும் பொதுவான ஒன்று காற்று. ஒலிவாங்கித் துளையில் காற்று நேராக மோதினால், கேட்பவருக்குப் புயல் எச்சரிக்கை நிலவரம் போலிருக்கும். பேட்டி என்னவோ பூச்சி மருந்தைப் பற்றியதுதான்.

கைபேசி, குரலை உள்ளபடி அனுப்புவதில்லை. மனிதத் தொண்டையும் வாயும் எப்படி ஒலி எழுப்பும் என்றொரு கணக்கு அதற்குள் இருக்கிறது. அந்தக் கணக்கின்படி குரலைப் பிழிந்து, 20 மில்லி விநாடித் துண்டுகளாக நறுக்கி அனுப்பும். மாடியில் கூவும் சேவலையும் அது மனிதத் தொண்டை என்றே எண்ணிக்கொள்வதால், மறுமுனையில் கேட்பது சேவலும் இல்லை, மனிதரும் இல்லை. வழியில் சில துண்டுகள் தொலைந்தால், முந்தைய துண்டையே திரும்ப ஒலித்து ஒப்பேற்றும். நிறையத் தொலைந்தால் ஒப்பேற்றவும் முடியாது. அசையோ சொல்லோ விழுந்துவிடும். தமிழில் இது எண்களுக்குப் பெரிய ஆபத்து. இருபது முதல் எண்பது வரை எல்லாப் பத்துகளும் ‘பது’ என்றே முடிகின்றன. முதல் அசை காணாமல் போக, ஏக்கருக்கு “...பது கிலோ யூரியா” என்று அவர் திட்டவட்டமாகச் சொல்லிவிடுவார். அனுபவமுள்ள அறிவிப்பாளர் உடனே “அறுபது, ஆறு பூஜ்யம், சரிங்களா ஐயா?” என்று திருப்பிக் கேட்பார். “அதேதாங்க, ...பது!” என்று பதில் வரும்.

மௌனம் இன்னொரு சிக்கல். பேசுபவர் நிறுத்தினால் கைபேசி அனுப்புவதையும் நிறுத்தி, மின்கலத்தை மிச்சம் பிடிக்கும். லைன் செத்துவிட்டதாகத் தோன்றாதபடி கேட்கும் பக்கத்துக் கருவியே மெல்லிய இரைச்சல் ஒன்றைச் செயற்கையாக உண்டாக்கும். அவர் யோசிக்கிறாரா, இணைப்பு போய்விட்டதா என்று அந்த இரைச்சலைக் கேட்டுச் சொல்ல யாராலும் ஆகாது. “ஐயா, லைன்ல இருக்கீங்களா?” என்ற கேள்வி பிறப்பது அங்கேதான். இதைப் பலமுறை கேட்டுக் கேட்டு அவர் ஒரு தற்காப்பு கண்டுபிடித்திருக்கிறார். மூச்சு விடுவதில்லை. விட்டே ஆக வேண்டுமென்றால் நடுவில் “அலோ” ஒன்றைப் போட்டு இடத்தைப் பிடித்து வைப்பார்.

தாமதமும் உண்டு. ஒருவர் சொல் மற்றவரை அடைய 150 மில்லி விநாடிக்கு மேல் ஆகாவிட்டால் உரையாடல் இயல்பாக ஓடும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. நேரம் அதைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறப்பார்கள், ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். பிறகு “சொல்லுங்க ஐயா”, “இல்லீங்க, நீங்க சொல்லுங்க” என்று மரியாதை பொழியும். தமிழ்ப் பண்பாட்டின் விருந்தோம்பல் என்று இதைக் கேட்டு மகிழும் நேயர்களும் இருக்கிறார்கள்.

நிலையத்தில் இதற்கெல்லாம் ஏற்பாடு இல்லாமல் இல்லை. தொலைபேசிக் கம்பியில் போகும் குரலையும் வரும் குரலையும் பிரிக்க ‘ஹைபிரிட்’ என்றொரு பெட்டி இருக்கும். விருந்தினருக்கு அனுப்பும் ஒலியில் அவருடைய குரலை மட்டும் கழித்துவிட்டு மீதியை அனுப்புவார்கள். இல்லையேல் அவர் சொன்னது அவர் காதுக்கே திரும்பி வந்து நாக்கு குழறும். இவ்வளவு கவனத்தையும் ஒரே நொடியில் வீணாக்குவது அவர் பக்கத்தில் பாடிக்கொண்டிருக்கும் வானொலிப் பெட்டி. தம் குரல் நிஜமாகவே ஒலிபரப்பாகிறதா என்று பார்க்க அதை வைத்திருக்கிறார். வானொலியில் வருவது கைபேசிக்குள் புகுந்து மீண்டும் வானொலிக்கே போக, ஊளையொன்று கிளம்பும். “ரேடியோ சத்தத்தைக் குறைச்சிட்டுப் பேசுங்க” என்பது தமிழ் ஒலிபரப்பில் மிக அதிகமாகச் சொல்லப்பட்ட வாக்கியங்களுள் ஒன்றாக இருக்கும்.

இப்போது பேரன் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலியை இறக்கிக் கொடுத்துவிட்டான். ஊளை நின்றது. ஆனால் இணைய ஒலிபரப்பு பல விநாடிகள் பின்தங்கி வரும். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து அறையிலிருந்து தாமே “வணக்கங்க” என்று சொல்வதைக் கேட்டு, பதில் வணக்கம் சொன்னவர்கள் உண்டு.

இவ்வளவையும் எடுத்துச் சொன்னால் அவர் திருத்திக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது அவரை அறியாமை. தெளிவான ஒலி அவருக்கு வேண்டியதே இல்லை. காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1941இல் லண்டனிலிருந்து தொடங்கிய பிபிசி தமிழோசை, சிற்றலையில் 2017 ஏப்ரல் 30 வரை ஒலித்தது. அதன் பிற்காலத்தில், சம்பவ இடத்துக்காரர் லண்டனுக்குத் தொலைபேசியில் பேசுவார். அந்தக் குரல் சிற்றலையில் ஏறி, ஏறியும் இறங்கியும் தமிழ்நாட்டுக்கே திரும்பி வரும். இரண்டு முறை அடிபட்ட அந்தக் குரலைத்தான் ஊர் உண்மையென்று நம்பியது. இரைச்சல் இருந்தால் ஆள் களத்தில் நிற்கிறார் என்று பொருள். துல்லியமாகக் கேட்டால் எங்கோ ஏ.சி. அறையில் உட்கார்ந்து படிக்கிறார். இந்த இலக்கணத்தில் வளர்ந்தவர், தம் குரல் கண்ணாடி போல ஒலிபரப்பானால் ஏமாந்துபோவார். “என்னாங்க, பக்கத்து வீட்ல இருந்து பேசறாப்ல கேட்டுச்சே” என்று டீக்கடையில் யாராவது சொன்னால் அவருக்கு அது பாராட்டு இல்லை.

நல்ல ஒலிக்கான இடம் அவர் வீட்டிலேயே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. கொரோனா காலத்தில் உலகின் பெரிய வானொலிக்காரர்களெல்லாம் எதிரொலியைக் கொல்ல வீட்டில் போர்வைக்கடியிலும் துணி அலமாரிக்குள்ளும் தலையை நுழைத்துப் பேசினார்கள். ரிஷிவந்தியத்தில் அவ்வளவு சிரமம் வேண்டாம். மூட்டை அடுக்கிய நெல் அறையில், ஒலி போய் முட்டித் திரும்பச் சுவரே தெரியாது. சாக்கும் நெல்லும் விழுங்கிவிடும். ஆனால் விருந்தினரை மூட்டைகளுக்கு நடுவே உட்காரச் சொல்வது எப்படி? மாடியை விட்டு இறங்கினாலும் அவர் கிரானைட் போட்ட புதுக் கூடத்தில்தான் உட்காருவார். கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு, தட்டைப் போல வாய்க்கு முன்னால் ஏந்திக்கொள்வார். வீடு முழுவதும் கூடவே பேசும்.

பழைய லேண்ட்லைன் வைத்திருப்பவரைத்தான் தயாரிப்பாளர்களுக்குப் பிடிக்கும். அதில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். குரலின் கனமும் மினுமினுப்பும் இரு ஓரத்திலும் நறுக்கப்பட்டுவிடும். ஆனால் போவது அறுபடாமல் போகும். நான்காம் தலைமுறைக் கைபேசியில் 7,000 ஹெர்ட்ஸ் வரை கிடைக்கலாம் என்றாலும், இரு முனையும் வழியும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். இவர் புதுக் கைபேசி வாங்கி நிலையத்தின் லேண்ட்லைனுக்கு அழைத்தால், கிடைப்பது பழைய 3,400தான். மத்திய அலை இதை அதிகம் காட்டிக்கொடுக்காது, ஏனெனில் அதன் அலைவரிசையே ஒடுக்கம். 15,000 ஹெர்ட்ஸ் வரை எட்டும் எஃப்.எம்.மில் அறிவிப்பாளரின் முழுக் குரலுக்கு அடுத்து இவர் வரும்போது, ஒருவர் கூடத்திலும் மற்றவர் தகர டப்பாவுக்குள்ளும் இருப்பது பச்சையாகத் தெரியும்.

இதற்கு மாற்றாக வந்தது வாய்ஸ் மெசேஜ். கைபேசியிலேயே பதிவாகி, பிறகு நிதானமாக அனுப்பப்படுவதால் வழியில் எந்தத் துண்டும் தொலையாது. ஒலி எவ்வளவோ மேல். நிலையங்கள் இதை விரும்பிக் கேட்கின்றன; அவரும் தட்டுவதில்லை. ஆனால் எதிரே “ம்” கொட்ட ஆளில்லாமல் அவருக்குப் பேச்சு எழாது. பொத்தானிலிருந்து விரல் நழுவ நழுவ, ஒரு பேட்டி பல துண்டுகளாக வந்து சேரும். முதல் துண்டில் முகவரி. இரண்டாவதில் “அலோ, கேக்குதுங்களா?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பார். கரும்பு பிந்திய துண்டுகளில் எங்காவது வரும். தயாரிப்பாளர் அதை வெட்டியெடுத்து ஒட்டி முடிக்கும் வேளையில் கடைசித் துண்டு வந்து விழும்: “சரிங்க, வச்சிரவா?”