தடைக்கால ரசிகனின் விண்ணப்பம்

விடுநர்
காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளி ஒருவன்,
மீன்பிடித் துறைமுகம், ராயபுரம், சென்னை.

பெறுநர்
ஐபிஎல் ஆட்சிமன்றக் குழுவினர்,
இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம், மும்பை.

பொருள்: சென்னை சூப்பர் கிங்ஸ் போட்டியிலிருந்து வெளியேறும் தேதியை ஜூன் 14க்குத் தள்ளிவைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 30.04.2025 இரவு, ஐஸ் பெட்டிமேல் சாய்த்து வைத்த போனில் பார்த்தது.

ஐயா,

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிடும் காலம். முன்பெல்லாம் 45 நாள். 2017லிருந்து 61 நாள். அந்த 61 நாளும் எங்களிடம் நேரம் கொட்டிக் கிடக்கும், காசு மட்டும் இருக்காது. நீங்களோ மார்ச் கடைசியில் கொடியேற்றி மே கடைசிவரை திருவிழா நடத்துகிறீர்கள். மீன்வளத் துறையும் கிரிக்கெட் வாரியமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து நாள் குறித்த மாதிரி இருக்கிறது. இந்த நாட்டில் இரண்டு அலுவலகங்கள் இவ்வளவு ஒற்றுமையாக வேலை பார்த்து நாங்கள் கண்டதில்லை.

எங்கள் துறைமுகத்தில் ஏப்ரல் மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. படகுகள் கரையில் ஏறியிருக்கும். ஒருவர் பலகை மாற்றுவார், ஒருவர் பெயிண்ட் அடிப்பார், எஞ்சினைப் பிரித்துப்போட்டு இரண்டு பேர் அதற்குள்ளேயே குடித்தனம் நடத்துவார்கள். வலை மராமத்து மட்டும் ராத்திரியிலும் நடக்கும். கால் கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு கை ஊசியை ஓட்டும், கண் போனில் இருக்கும். இதில் ஒரு சங்கடம். டீக்கடை டிவி முன்னால் போகும், எங்கள் போன் பின்னால் வரும். போனில் பௌலர் இப்போதுதான் ஓட ஆரம்பித்திருப்பார். அதற்குள் டீக்கடையில் “அய்யய்யோ” என்று குரல் கிளம்பிவிடும். யார் அவுட் என்பது மட்டும்தான் மிச்சம். 2025ல் அந்தச் சஸ்பென்ஸும் இல்லாமல் போனது. யாரென்று கேட்காமலே, “போனாரா? சரி, அடுத்தவரும் வந்துட்டுப் போவட்டும்” என்று வலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார் எங்கள் டிரைவர். ஊசியால் குத்திக்கொள்வது குறைந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான்.

“நேரில் போய்ப் பார்க்க வேண்டியதுதானே, சேப்பாக்கம் ஏழெட்டுக் கிலோமீட்டர்தானே” என்று கேட்பீர்கள். தடைக்காலத்துக்குக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம். 61 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய். 2025ல் சேப்பாக்கத்தின் மலிவு டிக்கெட் 1,700. அதாவது வீட்டில் 13 நாள் உலை வைக்காமல் இருந்தால் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோ இலவசம் என்று அப்போது தந்த சலுகையையும் மறக்கவில்லை. எங்கள் பக்கம் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கியிருக்கலாம், நயா பைசா செலவில்லை. அந்த டிக்கெட்டை வாங்கும்வரைதான் செலவு.

காசைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இன்னொன்று. 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமையை 48,390 கோடிக்கு விற்றீர்கள். பந்து ஒன்றுக்குச் சுமார் 49 லட்சம் என்று அப்போது பத்திரிகைகள் கணக்குப் போட்டன. நானும் கணக்குப் போட்டேன். ஒரே ஒரு பந்தின் காசில் எங்கள் வீட்டுக்கு 600 வருஷத்துக்கு மேல் தடைக்கால நிவாரணம் கொடுக்கலாம். அந்தப் பந்தைத்தான் எங்கள் ஆட்கள் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பார்த்து, மரியாதையாகக் கீப்பருக்கு விட்டுவிடுகிறார்கள்.

2025ஐப் பற்றிச் சொல்லாமல் எப்படி? மார்ச் 23ல் மும்பையைச் சேப்பாக்கத்தில் தோற்கடித்தோம். காசிமேடு முழுக்க விசில். அதற்குப் பிறகு நடந்ததைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நேர்த்திக்கடன் என்பேன். பெங்களூரு 2008க்குப் பிறகு சேப்பாக்கத்தில் எங்களை ஜெயித்ததில்லை, ஜெயித்துவிட்டுப் போனார்கள். டெல்லி 2010க்குப் பிறகு, அவர்களும். கொல்கத்தா வந்தபோது 20 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 103 எடுத்து, விருந்தாளி சீக்கிரம் வீடு திரும்ப ஏற்பாடு செய்தோம். சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அந்த மைதானத்தில் அதுவரை ஒருமுறைகூட எங்களை ஜெயிக்காதவர்கள். அவர்களும் முகம் வாடிப் போகவில்லை. திருவொற்றியூர் வடிவுடையம்மனிடம் வேண்டிக்கொண்டாலும் இவ்வளவு சீக்கிரம் காரியம் கைகூடாது. கடைசியில் ஏப்ரல் 30, பஞ்சாப். 19ஆவது ஓவரில் சஹல் ஹாட்ரிக்கோடு நான்கு விக்கெட். வெளியேறிய முதல் அணி நாங்கள்தான். முடிவில் பத்து அணிகளில் பத்தாவது இடம்.

அன்றைக்குத் தடைக்காலத்தின் 16ஆம் நாள். மிச்சம் 45 நாள் இருந்தது ஐயா. அந்த 45 நாளும் நாங்கள் யாரைப் பார்த்துக் கத்துவது? படகு ஓனரைப் பார்த்துக் கத்த முடியுமா? அதனால்தான் இந்த விண்ணப்பம். தோற்பதை நிறுத்தச் சொல்லவில்லை, அது உங்கள் கையில் இல்லை. கணக்கில் இன்னும் வாய்ப்பிருக்கிறது, ரன் ரேட் இருக்கிறது, அவன் இவனிடம் தோற்று இவன் அவனிடம் தோற்றால் நாம் உள்ளே என்று ஜூன் 14வரை பேசிக்கொண்டிருக்க ஏதாவது ஒரு விதியை எழுதித் தாருங்கள்.

விதி எழுதுவதில் நீங்கள் வல்லவர்கள். ஐந்து வருஷம் இந்திய அணிக்கு ஆடாதவர் அன்கேப்டு ஆட்டக்காரர் என்று ஒரு பழைய விதியைத் தூசி தட்டி எடுத்தீர்கள். 2011ல் உலகக் கோப்பையைத் தூக்கிய கேப்டன், எங்கள் ‘தல’, ஒரே இரவில் இந்தியாவுக்கு ஆடியே பார்க்காத பையன்களோடு ஒரே வரிசையில் 4 கோடிக்கு வந்து உட்கார்ந்தார். தலக்காக எதையும் ஏற்போம், ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்த ஃபைலை மீன்வளத் துறைக்கும் கொஞ்சம் அனுப்புங்கள். எங்கள் பெரியப்பா கடலுக்குப் போய் ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவரை இன்னும் கடலையே பார்க்காதவர் என்று பதிவு செய்தால், புதுத் தொழிலாளிக்கு உண்டான சலுகை ஏதாவது கிடைக்குமா என்று கேட்கச் சொன்னார்.

ஏலத்தையும் சொல்ல வேண்டும். ஜெட்டாவிலும் அபுதாபியிலும் பெரிய அரங்கங்களில் நடத்தினீர்கள். எங்கள் ஏலம் விடியற்காலை, முழங்கால்வரை ஐஸ் தண்ணீரில். எங்களிடம் வஞ்சிரம் எடுக்க வருகிறவர் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவப்பாக இருந்தால்தான் விலை பேசுவார். எத்தனை கிலோ, எந்தப் படகு என்பதெல்லாம் அப்புறம். 2024 நவம்பர் ஏலத்தில் எங்கள் அணிக்காரர்கள் யாருக்கும் செவுள் தூக்கிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பழைய ஞாபகத்திலேயே கூடையை நிரப்பிவிட்டார்கள். 2025 டிசம்பரில் அதற்கு நேர்மாறு: இந்தியாவுக்கு ஆடாத இரண்டு பையன்களுக்குத் தலைக்கு 14.20 கோடி. பையன்கள் நன்றாக ஆடட்டும். அடுத்த ஏலத்தைக் காசிமேட்டில் வையுங்கள். ஏலம் விடுகிற ஆள் இங்கேயே இருக்கிறார், மைக்குகூடத் தேவையில்லை.

தடைக்காலம் வீண் என்று சிலர் பேசுவார்கள். 2025ல் வீணாகவில்லை. ஏப்ரல் 20ல் மும்பைக்கு எதிராக 17 வயது ஆயுஷ் மாத்ரே இறங்கி 15 பந்தில் 32 அடித்தார். மே 3ல், நாங்கள் வெளியேறிய பிறகு, பெங்களூரில் 94. இரண்டு ரன்னில் தோற்றோம் என்றாலும் டீக்கடையில் அன்றைக்குக் கைதட்டல். பெரிய மீனெல்லாம் ஒதுங்கியதும் குஞ்சுகள் மேலே வந்துவிட்டன. 61 நாள் வலை போடாதே என்று எங்களுக்குச் சொல்லத் தெரிந்த அரசாங்கம், எங்கள் அணித் தேர்வாளர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கலாம்.

நாங்கள் சும்மா அழுகிற ஜாதி இல்லை. 2016லும் 2017லும் பெட்டிங் விவகாரத்தில் அணியையே இடைநீக்கம் செய்தார்கள், பொறுத்தோம். 2018ல் திரும்பி வந்தால் காவிரிப் போராட்டம். சேப்பாக்கத்தில் ஒரே ஆட்டம், மைதானத்துக்குள் செருப்பு, மிச்சத்தைப் புனேவுக்கு மாற்றினீர்கள். விசில்போடு எக்ஸ்பிரஸ் என்று தனி ரயில் விட்டு ரசிகர்கள் பின்னாலேயே போனார்கள். அந்த வருஷம் கோப்பை. 2019ல் இறுதிப் போட்டி இங்கே நடக்க வேண்டியது. ஐ, ஜே, கே கேலரிகள் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்ததால் ஹைதராபாத்துக்குப் போனது, அங்கே ஒரு ரன்னில் தோற்றோம். பூட்டு ஒரு ரன்னுக்குச் சமம் என்று டிரைவர் இன்றைக்கும் சொல்வார்.

கடைசியாக மரம். 2023 பிளே-ஆஃபில் ஒரு டாட் பாலுக்கு 500 மரம் நடுவதாக அறிவித்து, ஸ்கோர் போர்டில் புள்ளி இருக்கும் இடத்தில் மரப் படம் போட்டீர்கள். நல்ல காரியம். 2025ல் கொல்கத்தாவுக்கு எதிராக நாங்கள் ஆடியதற்கு அதே 500 கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஒரே ராத்திரியில் காடு வளரும். அந்தக் காட்டை எண்ணூருக்கு ஒதுக்கித் தர வேண்டுகிறேன். அங்கே அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஆற்றில் இறங்கிக் கிடக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், முகத்துவாரம் முழுக்கப் படகிலும் வலையிலும் அலையாத்தி வேரிலும் அப்பியது. எங்கள் பேட்ஸ்மேன்கள் பொறுமையாக ஆடி அந்த முகத்துவாரத்துக்கு அலையாத்திக் காடு வாங்கித் தருவார்கள் என்றால், 20 ஓவரும் டாட் பாலாக ஆடச் சொல்லுங்கள். எழுந்து நின்று விசில் அடிக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மஞ்சள் பனியன்காரன்

இணைப்பு: விசில் – 1 (பயன்படுத்தியது).

நகல்: மீன்வளத் துறை ஆணையர், சென்னை – மேற்படி தேதியைத் தள்ளிவைக்க வாரியத்துக்கு மனமில்லாத பட்சத்தில், சிஎஸ்கே வெளியேறும் மறுநாளே கடலுக்குப் போக அனுமதி தருவது குறித்துப் பரிசீலிக்க.